குறியும் துணிவும்: பண்டைச் சீன ஆரூட மரபில் முடிவெடுத்தலின் பொறுப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஆமையோட்டையும் செடித்தண்டுகளையும் கொண்டு குறிபார்க்கும் பண்டைச் சீன மரபு, வருவதை முன்னறியும் கலையாகவே பொதுவாக அறியப்படுகிறது. ஷாங் காலக் குறி எலும்புகள், ஷூ சிங், யி சிங், சுவோ ஜுவான் ஆகிய சான்றுகளைச் சேர்த்து நோக்கும்போது, அரசவையில் அது ஒரு செயலைத் தொடங்கலாமா, நிறுத்தலாமா என்று தீர்மானிக்கும் முறையாகவே முதன்மையாக இயங்கியது தெரியவருகிறது. துணிந்து செயற்படுவதற்கான பொறுப்பு குறியைச் சார்ந்ததா, கேட்பவரைச் சார்ந்ததா என்ற வினாவுக்கு அம்மரபு ஒரே விடையைத் தரவில்லை. மூயே போரைப் பற்றிய, ஒன்றுக்கொன்று முரணான இரு செய்திகளே இதற்கு முதன்மைச் சான்றாகும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: யி சிங், குறி எலும்புகள், ஹொங் ஃபான், குவாய், சுவோ ஜுவான், மூயே போர், ஜூ ஷி

முன்னுரை

யி சிங் என்னும் மாற்றங்களின் நூல் ஐரோப்பிய மொழிகளில் பரவியதற்கு ரிச்சர்ட் வில்ஹெல்ம் 1924இல் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பு பெருங்காரணமாக அமைந்தது. அதனைக் கேரி பெயின்ஸ் ஆங்கிலத்தில் பெயர்க்க, உளவியலாளர் கார்ல் யுங்கின் முன்னுரையுடன் 1950இல் அது வெளிவந்தது. சீனமொழி அறியாத வாசகர் பலர் இந்நூலை இவ்வாங்கில வடிவத்தின் வழியாகவே அறிகின்றனர். மனம் தளராமல் நிற்பது நன்மை தரும் என்ற பொருளிலான அறிவுரை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. மூலத்தில் அவ்விடங்களில் இருப்பவை 'லி ஜென்' என்னும் இரண்டு எழுத்துகள்.

ஜென் என்ற அதே சொல் ஷாங் அரசமரபின் குறி எலும்புகளில் மிகுதியாக இடம்பெறுகிறது. அங்கே அதற்கு மனவுறுதி என்ற பொருள் இல்லை. ஒரு கூற்றைக் குறியின் முன்வைத்துச் சோதித்தல் என்பதே பொருள். இவ்வெலும்பெழுத்துகளின் துணையுடன் யி சிங்கின் மூலப்பொருளை மீட்க முயன்ற காவ் ஹெங், லி ஜிங்சி முதலிய 20ஆம் நூற்றாண்டு அறிஞர்கள், நூலின் மிகப் பழைய அடுக்கிலும் ஜென் என்பது குறிபார்த்தலையே சுட்டுகிறது என்று கொண்டனர். இதன்படி, பார்த்த குறி சாதகமானது என்று தெரிவிக்கும் ஒரு பதிவுக் குறிப்பு, காலப்போக்கில் உறுதியாக நில் என்ற அறவுரையாக மாறியிருக்கிறது. இதனை மொழிபெயர்ப்பாளரின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. வில்ஹெல்ம் பின்பற்றிய விளக்கம் சீன உரையாசிரியர்களுக்கு உரியது. அதன் வேர் கி.மு. 6ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சியொன்றைக் கூறும் வரலாற்றுப் பதிவிலேயே காணக்கிடைக்கிறது. குறி என்ன சொல்கிறது என்ற வினா, கேட்பவர் எத்தகையவர் என்ற வினாவாக மாறிய அந்த நகர்வே இங்கு ஆராயப்படுகிறது.

எலும்பில் எதிரெதிர்க் கூற்றுகள்

மருந்துக் கடைகளில் 'கடல்நாக எலும்பு' போன்ற பெயர்களில் விற்கப்பட்ட பழைய எலும்புத் துண்டுகளில் எழுத்துகள் இருப்பதை 1899இல் வாங் யிரோங் கண்டறிந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. ஹெனான் மாகாணத்தின் ஆன்யாங்கில் 1928இல் முறையான அகழாய்வு தொடங்கியது. 1936இல் ஒய்.எச். 127 என்ற ஒரே குழியிலிருந்து 17,000க்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப்பெரும்பாலானவை வூ திங் மன்னரின் காலத்தவை. அவரது ஆட்சி ஏறத்தாழ கி.மு. 1200ஐ ஒட்டி முடிவுற்றது.

குறிபார்க்கும் முறை எளிமையானதன்று. ஆமையின் வயிற்று ஓட்டையோ மாட்டின் தோள்பட்டை எலும்பையோ தேய்த்துச் சீராக்கி, பின்புறத்தில் வரிசையாகக் குழிகள் செதுக்குவர். குழியில் சூடேற்றும்போது முன்புறத்தில் ஒரு நெடுங்கோடும் அதிலிருந்து பிரியும் சிறுகோடுமாக விரிசல் தோன்றும். குறிபார்த்தலைச் சுட்டும் 'பு' என்ற எழுத்தே இந்த விரிசலின் வடிவம்தான். முழுமையான பதிவொன்றில் நாளும் குறியாளர் பெயரும், முன்வைத்த கூற்றும், விரிசலைக் கண்டு மன்னர் சொன்ன தீர்ப்பும், பின்னர் நடந்ததும் இடம்பெறும். நான்கு பகுதிகளும் உள்ள பதிவுகள் குறைவு.

முன்வைத்த கூற்றுகளின் அமைப்பு கருதத்தக்கது. வூ திங் காலத்தில் அவை பெரும்பாலும் இணைகளாக அமைந்தன: ஓட்டின் ஒருபுறம் இது செய்யப்படும் என்றும் மறுபுறம் செய்யப்படாது என்றும் பொறித்தனர். ஐந்து ஆமையோடுகள் கொண்ட ஒரு தொகுதியில், மன்னர் வாங் செங் என்னும் தலைவருடன் சேர்ந்து ஷியா வேய் மக்களைத் தாக்குவதா, மற்றொரு தலைவருடன் சேர்ந்து பா மக்களைத் தாக்குவதா என்ற இரு திட்டங்களும் உடன்பாடாகவும் எதிர்மறையாகவும் ஐந்து ஓடுகளிலும் அடுத்தடுத்துச் சோதிக்கப்பட்டுள்ளன. போரில் யார் வெல்வார் என்பதைவிட, எந்த அணியுடன் எந்தத் திசையில் புறப்படுவது என்பதே அங்கு எழுந்த சிக்கல். இக்கூற்றுகள் இலக்கண நோக்கில் வினாக்களே அல்ல, செய்யக் கருதியதை அறிவிக்கும் கூற்றுகள் என்று டேவிட் கைட்லி 1978இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அக்கருத்தை ஏற்றால், ஷாங் மன்னர் குறியிடம் தகவல் கேட்கவில்லை. தம் திட்டத்தை முன்னோர் முன் வைத்து ஒப்புதல் பெற்றார் என்றாகும்.

மன்னர் தவறியதையும் எலும்புகள் மறைக்கவில்லை. வூ திங்கின் துணைவி ஃபூ ஹாவின் பிள்ளைப்பேறு பற்றிய புகழ்பெற்ற பதிவில், குறிப்பிட்ட இரு வகை நாள்களில் பிறந்தால் நன்று என்று மன்னர் தீர்ப்புரைத்தார். 31 நாள் கழித்து வேறொரு நாளில் பிள்ளை பிறந்தது; அது நன்றாக அமையவில்லை, பெண் குழந்தை என்று பதிவு முடிகிறது. அக்காலச் சமூகத்தின் மனப்போக்கையும் இக்குறிப்பு காட்டிவிடுகிறது. நூற்றாண்டு கடந்து ஷாங்கின் கடைசி மன்னர்களிடம் வரும்போது, அடுத்த பத்து நாளில் கேடில்லை என்ற வழக்கமான கூற்றே மிகுந்து, கடினமான முடிவுகள் எலும்பின்முன் வைக்கப்படுவது அருகிவிடுகிறது.

ஐந்து குரல்கள்

சௌ அரசமரபின் நூல்களில் குறி மன்னரின் தனியுரிமையாக இல்லை. ஷூ சிங் என்னும் ஆவணத்தொகுப்பில் உள்ள ஹொங் ஃபான் (பெருநெறி) என்ற இயலில், ஐயம் தீர்க்கும் முறை விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. பெரிய ஐயம் எழுந்தால் மன்னர் முதலில் தம் உள்ளத்தோடு ஆராய வேண்டும்; பின் அமைச்சரோடு; பின் பொதுமக்களோடு; அதன்பிறகே ஆமையோடும் செடித்தண்டும். மூவர் குறிபார்த்தால் இருவர் சொல்வதைக் கொள்ள வேண்டும் என்றும் அவ்வியல் கூறுகிறது.

இந்த ஐந்து குரல்களும் எவ்வாறெல்லாம் பிரியலாம் என்பதற்கு அங்கே ஒரு பட்டியல் தரப்படுகிறது. ஐந்தும் ஒன்றுபட்டால் அது பேரிணக்கம். ஓடும் தண்டும் ஒன்றுபட்டிருக்க, மன்னர், அமைச்சர், மக்கள் என்னும் மூவரில் எவரேனும் ஒருவர் அவற்றுடன் இணைந்தாலும் செயல் நன்றாகும். மன்னர் எதிர்த்தாலும், அமைச்சர் மட்டுமோ மக்கள் மட்டுமோ குறிகளின் பக்கம் நின்றால் போதும் என்பது இதனுள் அடங்கும். மன்னரும் ஓடும் ஒருபுறம், தண்டும் அமைச்சரும் மக்களும் மறுபுறம் எனப் பிரிந்தால், உள்நாட்டுக் காரியம் செய்யலாம், படையெடுப்பு போன்ற வெளிக்காரியம் கூடாது. ஓடும் தண்டும் சேர்ந்து மனிதர் கருத்துக்கு மாறுபட்டால் அசையாதிருப்பதே நன்று.

இப்பட்டியலில் குறிகளுக்கு இருக்கும் தடையதிகாரம் வெளிப்படை. ஆனால், மனிதக் குரல் ஒன்றுகூடத் துணையில்லாமல் குறிகள் மட்டும் ஒரு செயலைத் தொடங்கிவைக்கும் நிலை அங்கே குறிப்பிடப்படவில்லை. மன்னரின் விருப்பம் ஐந்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டிருப்பதும் கவனத்திற்குரியது. ஹொங் ஃபான் தொகுக்கப்பட்ட காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேற்குச் சௌ காலத்துக்குப் பிற்பட்டது என்போர் பலர். எக்காலத்ததாயினும், குறிபார்த்தலைக் கலந்தாய்வின் ஓர் உறுப்பாக அது வைத்திருப்பதில் ஐயமில்லை.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படிப் பயன்பட்டது என்பதை, அதே தொகுப்பின் பழைய பகுதிகளுள் ஒன்றாகக் கருதப்படும் தா காவ் என்னும் அறிவிப்பு காட்டுகிறது. வூ மன்னர் இறந்தபின், வென்றெடுத்த ஷாங் நிலத்தில் கிளர்ச்சி வெடித்தது. படையெடுப்பது கடினம், மக்கள் அமைதியிழந்துள்ளனர், ஆகவே குறியை மீறி நின்றுவிடலாமே என்று தலைவர்களும் அதிகாரிகளும் தயங்கினர். அறிவிப்பை வெளியிடும் அரசு, முன்னோர் விட்டுச்சென்ற பேராமையோடு சாதகமாகச் சொல்லிவிட்டது என்பதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டி அத்தயக்கத்தை உடைக்கிறது. இங்கே அமைச்சரின் குரல் குறிக்கு எதிராக நிற்கிறது; மன்னர் குறியைத் தம் பக்கத்துச் சான்றாக நிறுத்துகிறார். இத்தனை நீண்ட வாதம் தேவைப்பட்டதே, குறி சொல்லிவிட்டது என்பது மட்டும் போதவில்லை என்பதற்குச் சான்று.

குவாய்: அணை உடைதல்

ஆமையோட்டை விடச் செடித்தண்டு மலிவானது, விரைவானது. ஷீ என்னும் செடியின் உலர்ந்த தண்டுகள் 50 எடுத்து, ஒன்றை விலக்கி, எஞ்சிய 49ஐப் பிரித்தும் எண்ணியும் ஆறு கோடுகள் கொண்ட ஒரு குறியைப் பெறுவர். முறியாத கோடு யாங், முறிந்த கோடு யின். இவ்வாறு அமையக்கூடிய 64 அறுகோட்டுக் குறிகளுக்கும் அவற்றின் 384 கோடுகளுக்கும் உரிய குறுவாசகங்களின் தொகுப்பே யி சிங்கின் மூலப்பகுதி. அது மேற்குச் சௌ காலத்தில் உருப்பெற்றது என்பது பெரும்பான்மைக் கருத்து. பத்துச் சிறகுகள் எனப்படும் விளக்கங்கள் பிற்காலத்தவை. ஹான் பேரரசில் கி.மு. 136இல் அது அரசு ஏற்ற செவ்வியல் நூலாயிற்று.

துணிந்து செயற்படுதலை நேரடியாகப் பேசுவது 43ஆவதான குவாய். கீழிருந்து ஐந்து யாங் கோடுகள் ஏறிவர, உச்சியில் ஒரே ஒரு யின் கோடு எஞ்சியிருக்கும் வடிவம் அது. பத்துச் சிறகுகள் குவாய் என்பதை 'ஜுவே' என்ற சொல்லால் விளக்குகின்றன. நீரைக் குறிக்கும் உறுப்புடன் எழுதப்படும் அச்சொல், கரையை உடைத்து நீரை ஓடவிடுதலையும் உறுதியாக முடிவெடுத்தலையும் ஒருங்கே சுட்டுவது. தமிழில் துணித்தல் என்ற வெட்டுதலிலிருந்து துணிவு பிறந்தது; சீனத்தில் அது வெள்ளத்திலிருந்து பிறந்திருக்கிறது. இரண்டும் ஒரே அனுபவத்தின் இரு படிமங்களாயினும், வெட்டியவன் கத்தியை நிறுத்திக்கொள்ளலாம். கரையை உடைத்தவனால் நீரை நிறுத்த முடியாது.

வலிமை முழுவதும் ஒருபக்கம் சேர்ந்திருக்கும் இக்குறி, தாக்கு என்று சொல்லும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அதன் வாசகம் வேறு திசையில் செல்கிறது. விவகாரத்தை மன்னர் அவையில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஆபத்து இருப்பதை உணர வேண்டும். முதலில் தன் சொந்த ஊரில் தெரிவிக்க வேண்டும். ஆயுதம் ஏந்துவது நன்றன்று. எனினும் புறப்பட்டுச் செல்வது நன்று என்பது அதன் கருத்து. செல் என்பதும் ஆயுதம் எடுக்காதே என்பதும் அங்கே ஒன்றாக வருகின்றன. கோட்டு வாசகங்களும் விரைவை ஐயுறுகின்றன. முதற்கோட்டில் வலிமை கால்விரலில் மட்டும் இருக்கிறது. புறப்பட்டு வெல்லாமற் போவது குற்றமாகிறது. மூன்றாம் கோட்டில் அது கன்னத்தெலும்பில் தெரிகிறது, அதாவது முகத்தில், அது தீங்கு. அதே கோட்டில் உறுதிகொண்ட ஒருவர் தனியே நடந்து மழையில் நனைகிறார், உடனிருப்போர் வெறுப்படைகின்றனர், ஆனால் அவர்மீது பழியில்லை. நான்காம் கோடு பிறர் சொல்லைக் கேட்டும் நம்பாதவனைப் பற்றியது.

உச்சியில் உள்ள யின் கோடு நீங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்றும் நூல் கருதவில்லை. அடுத்து வரும் 44ஆம் குறியான கோவ், குவாயைத் தலைகீழாகத் திருப்பிய வடிவம்: மேலே வெளியேற்றப்பட்ட யின் கோடு கீழே முதலிடத்தில் மீண்டும் நிற்கிறது.

சுவோ ஜுவான் காட்டும் நடைமுறை

கி.மு. 722 முதல் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு நிகழ்ச்சிகளைக் கூறும் சுவோ ஜுவான், குறிபார்த்த அவைக்காட்சிகள் பலவற்றைத் தருகிறது. விளைவு தெரிந்தபின் எழுதப்பட்ட கதைகள் இவற்றில் கலந்திருக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. எனினும், ஒரு குறியைப் பற்றி எப்படி வாதிடலாம் என்று அக்காலத்தவர் கருதினர் என்பதற்கு இவை நல்ல சான்றுகளே.

கி.மு. 635இல் சௌ மன்னர் ஷியாங் தம் தம்பியால் துரத்தப்பட்டு வெளியே தங்கியிருந்தார். அவரை மீட்கச் சின் நாட்டுப் படை ஏற்கெனவே மஞ்சளாற்றங்கரையில் நின்றது. அந்தப் புகழைத் தம் தலைவர் பெற வேண்டும், பிற நாட்டுத் தலைவர்களின் ஆதரவைத் திரட்ட இதைவிடச் சிறந்த வழியில்லை என்று ஜின் நாட்டு அமைச்சர் ஹூ யென் கூறினார். அதன்பிறகே ஜின் நாட்டுத் தலைவர் வென் குறிபார்க்கச் சொன்னார். மஞ்சள் பேரரசர் போரிட்டதைச் சுட்டும் குறி ஓட்டில் விழுந்தது. அது தமக்கு மிகையானது என்று அவர் பின்வாங்கினார். குறியாளர் அதற்கு வேறு பொருள் கூறித் தேற்றினார். பின் தண்டுகளையும் எண்ணச் செய்து, சாதகமான விடை பெற்றபின், சின் படையை விலக்கிவிட்டு அவர் புறப்பட்டார். மன்னர் மீட்கப்பட்டார். இந்நிகழ்ச்சியில் திட்டம் அமைச்சருடையது; குறி செய்தது தலைவரின் தயக்கத்தை இருமுறை வெளிக்கொணர்ந்து தீர்த்தது மட்டுமே.

இதற்கு எதிர்முனையில் நிற்பது கி.மு. 701ஆம் ஆண்டு நிகழ்ச்சி. யுன் நாட்டுப் படை தன் கூட்டாளிகளுக்காகக் காத்திருந்தபோது, சூ நாட்டுத் தளபதி அஞ்சினார்; துணைப்படை கேட்கலாமா என்றார், குறிபார்க்கலாமா என்றார். ஐயம் இருந்தால்தான் குறி, ஐயமே இல்லாதபோது எதற்கு என்ற கருத்தில் தோ லியென் மறுத்தார். அவர் சொன்னபடி விரைந்து தாக்கிச் சூ படை வென்றது. இந்த மறுமொழி பிற்காலத்தில் குறிமறுப்பின் முழக்கமாகப் பலமுறை எடுத்தாளப்பட்டது. எடுத்தாண்டோர் பெரும்பாலும் விட்டுவிடும் தொடர்ச்சி ஒன்றுண்டு. இரண்டாண்டு கழித்து, கி.மு. 699இல், அதே தளபதி லுவோ நாட்டின்மீது படையெடுத்தார். முந்தைய வெற்றி தந்த செருக்கில் எவர் அறிவுரையையும் கேட்கவில்லை, காவலும் வைக்கவில்லை. தோற்றுத் தூக்கிட்டு இறந்தார். அவரை வழியனுப்பித் திரும்பிய ஒருவர், அவர் பாதத்தை மிக உயரத் தூக்கி வைத்து நடந்ததைக் கண்டே தோல்வியை உணர்ந்ததாகச் சுவோ ஜுவான் கூறுகிறது. குவாயின் முதற்கோட்டில் கால்விரலில் நிற்கும் வலிமையை இது நினைவூட்டுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கொள்ள வேண்டியதில்லை.

ஜென் என்ற சொல்லின் மாற்றத்துக்குரிய சான்று கி.மு. 564ஆம் ஆண்டின் கீழ் வருகிறது. லூ நாட்டு ஆட்சித் தலைவரின் தாயான மூ ஜியாங், முதன்மைக் குடிகளை வீழ்த்தச் சதி செய்து கீழைமாளிகையில் அடைக்கப்பட்டார். அங்கே சென்றபோது தண்டுகளை எண்ணச் செய்ததில், பின்தொடர்தல் என்னும் பொருளுடைய சுய் குறி கிடைத்தது. விரைவில் வெளியேறுவீர்கள் என்றார் குறியாளர். மூ ஜியாங் அதை ஏற்கவில்லை. அக்குறியின் வாசகத்தில் உள்ள யுவான், ஹெங், லி, ஜென் என்னும் நான்கு சொற்களையும் நான்கு நற்பண்புகளாக விளக்கி, அவை உடையவருக்கே பழியின்மை கிட்டும், தம்மிடம் அவற்றுள் ஒன்றும் இல்லை, ஆகவே இங்கேயே இறப்பேன் என்றார். அவ்வாறே இறந்தார். ஜென் இங்கே குறிபார்த்தலைச் சுட்டவில்லை. செயலில் வழுவாத உறுதியாகிவிட்டது. சாதகமான குறி சாதகமான ஆளையும் கேட்கிறது. இந்த விளக்கத்தைச் சொல்பவர் அறிஞரோ அமைச்சரோ அல்லர், தோற்றுச் சிறைப்பட்ட ஓர் அரசி என்பது இதன் வலிமையைக் கூட்டுகிறது.

கி.மு. 530இல் லூ நாட்டின் நான் குவாய் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டபோது இக்கொள்கை இன்னும் கூர்மையாகிறது. அவர் பெற்ற கோட்டு வாசகம் மிகச் சிறந்த பேறு என்றது. எதற்காக என்று சொல்லாமல், ஒரு காரியம் செய்ய நினைக்கிறேன், எப்படி என்று ஸிஃபூ ஹுயிபோவிடம் அதைக் காட்டினார். வாய்மையும் பற்றுறுதியும் உள்ள காரியமானால் ஆகும், இல்லையேல் தோற்கும். தீய சூழ்ச்சிக்கு இந்நூலைக் கொண்டு குறிபார்க்கலாகாது என்பது கிடைத்த விடை. நான் குவாய் கிளர்ந்தெழுந்தார். இரண்டாண்டில் சி நாட்டுக்கு ஓடினார்.

எல்லோரும் இவ்வாறு எண்ணினர் என்று கொள்வது தவறாகும். 1987இல் பாவ்ஷானில் அகழப்பட்ட கல்லறை கி.மு. 316இல் இறந்த ஷாவ் துவோ என்னும் சூ நாட்டு அதிகாரியுடையது. அதில் கிடைத்த மூங்கில் ஏடுகளில் அவருடைய பணியும் நோயும் பற்றிப் பார்த்த குறிகள் பதிவாகியுள்ளன. அங்கே நற்பண்பு ஆராய்ச்சி ஏதுமில்லை. பழியில்லாதிருக்கட்டும் என்ற விழைவு, சிறு கவலை உண்டு என்ற தீர்ப்பு, அதனை நீக்க எந்த ஆவிக்கு எந்தப் படையல் என்ற பரிந்துரை, மீண்டும் சாதகமான தீர்ப்பு என்று அவை அமைகின்றன. 1977இல் ஃபூயாங்கில் கிடைத்த யி சிங் ஏடுகளிலும் வாசகங்களை அடுத்து, நோய், மழை, திருமணம் போன்ற அன்றாடக் காரியங்களுக்கான முடிவுகளே தரப்பட்டுள்ளன. அறநெறி விளக்கம் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே குறிபார்க்கும் தொழில் தன் வழியில் சென்றது.

ஒரு போர், இரு குறிகள்

ஷாங் அரசு வீழ்ந்து சௌ அரசு எழுந்த மூயே போர், சீன அரசியல் சிந்தனையில் துணிவின் முதன்மை எடுத்துக்காட்டு. 2000ஆம் ஆண்டு வெளியான காலவரிசைத் திட்டம் அதனை கி.மு. 1046இல் வைக்கிறது. 1976இல் ஷான்ஷி மாகாணத்தின் லின்டோங்கில் கிடைத்த லி என்பவரின் வெண்கலக் கலம், வெற்றி ஜியாசி எனப்படும் நாளின் காலையில் நிகழ்ந்ததை உறுதிப்படுத்துகிறது. அப்பொறிப்பில் ஓரெழுத்தை வியாழன் கோளின் நிலையாகப் படிப்போரும், குறிபார்த்தலாகப் படிப்போரும் உள்ளனர். போருக்கு முன் குறி பார்க்கப்பட்டதா, அது என்ன சொன்னது என்பதை அறிய நூல்களையே நாட வேண்டியுள்ளது. அவை ஒன்றுக்கொன்று எதிராகப் பேசுகின்றன.

குவோ யூ என்னும் நூல் மேற்கோளாகக் காட்டும் பழைய உறுதிமொழி ஒன்றில், தம் கனவும் தம் குறியும் ஒத்திருக்கின்றன, ஷாங்கை வெல்வது உறுதி என்ற கருத்தை வூ மன்னர் சொல்கிறார். கி.மு. 100ஐ ஒட்டி ஷி ஜி வரலாற்றை எழுதிய சீமா சியென், சி நாட்டுக் குடி வரலாற்றில் வேறொன்று கூறுகிறார்: ஆமையோட்டுக் குறி தீயதாக வந்தது, புயலும் மழையும் எழுந்தன, தலைவர்கள் எல்லாரும் அஞ்சினர், தாய் கொங் ஒருவர் மட்டும் மன்னரை வற்புறுத்திப் புறப்படச் செய்தார். அதற்கு முன்பே ஷுன் சியின் நூலில், படைநடத்தக் கூடாத நாளில், கூடாத திசைநோக்கி மன்னர் புறப்பட்டதாகவும், ஆறு பெருக்கெடுத்ததாகவும், தயங்கியவர்களைச் சௌ கோமகன் தள்ளிச் சென்றதாகவும் ஒரு வடிவம் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சொங் எடுத்துரைக்கும் வடிவில் தாய் கொங் தண்டுகளைத் தள்ளி ஓட்டை மிதித்து, காய்ந்த எலும்புக்கும் செத்த புல்லுக்கும் என்ன தெரியும் என்று கேட்கிறார்.

இவற்றுள் எது நடந்தது என்ற ஆராய்ச்சி பயன் தராது. காலம் செல்லச் செல்ல குறி தீயதாகிக்கொண்டே போவதுதான் கருதத்தக்கது. வெற்றிக்கு அணித்தான மரபில் குறி மன்னருக்குச் சான்று. பின்னைய மரபில் மன்னர் மீறிச் செல்ல வேண்டிய தடை. வானத்தின் ஆணை நல்லாட்சியைப் பொறுத்தது என்ற கொள்கை வேரூன்றியபின், குறியால் வென்றார் என்பதைவிடக் குறி எதிர்த்தும் வென்றார் என்பதே மன்னரின் தகுதியை மிகுதியாகக் காட்டியிருக்க வேண்டும்.

இடைக்காலத்தில் நடந்த போர்களும் இந்த மாற்றத்துக்குக் காரணம். சாவ் நாடும் யென் நாடும் ஒன்றையொன்று தாக்கியபோது இருபுறமும் ஓட்டைத் துளைத்துத் தண்டை எண்ணின. இரண்டுக்கும் பெரும்பேறு என்றே குறி வந்தது என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஹான் ஃபெய் சுட்டிக்காட்டினார். ஒன்று தோற்றாக வேண்டும் அல்லவா! குறிபார்த்தபின் பெரிய காரியங்களை முடிவு செய்வது வேண்டியதைப் பெறுவதற்கன்று, அது செயலுக்கு அணியாக அமையும் சடங்கு. அதில் சான்றோர் ஒழுங்கைக் காண்கின்றனர், மக்கள் தெய்வத்தைக் காண்கின்றனர் என்பது ஷுன் சியின் நிலைப்பாடு. வாங் சொங் இவ்விருவரிடமிருந்தும் விலகுகிறார். தாய் கொங் கதையைச் சொன்னாலும், குறி பொய் என்று அவர் முடிக்கவில்லை. குறி சரி, படித்தவர் தவறினார் என்கிறார். இதற்கு அவர் தரும் கதை சுவையானது. லூ நாடு யுவே நாட்டைத் தாக்க எண்ணியபோது, கால் முறிந்த கலத்தைக் கூறும் வாசகம் விழுந்தது. கால் இல்லாமல் எப்படி நடப்பது, தீயது என்றார் சிகொங். யுவே மக்கள் நீரில் வாழ்பவர்கள், அங்கே செல்லப் படகுதான் வேண்டும், கால் வேண்டாம், ஆகவே நன்று என்றாராம் கன்பூசியசு.

1195

யி சிங்கை அறநூலாக மட்டும் வாசிக்கும் போக்கு, சொங் காலத்தில் செங் யியின் (1033–1107) உரையில் உச்சம் பெற்றது. அவருடைய சிந்தனை வழியில் வந்த ஜூ ஷி (1130–1200) இதில் அவரோடு உடன்படவில்லை. இந்நூல் முதலில் குறிபார்ப்பதற்கே இயற்றப்பட்டது, அதனை மறந்து அறம் மட்டும் தேடினால் வாசகம் விளங்காது என்று அவர் வாதிட்டார். தண்டுகளை எண்ணும் முறையையும், மாறும் கோடுகளைப் படிக்கும் விதிகளையும் 1186இல் தனி நூலாக வகுத்தார்.

1195இல் அவர் தம் கொள்கையைத் தாமே சோதிக்க வேண்டி வந்தது. பேரரசின் முதலமைச்சர் சாவ் ரூயூ, ஹான் துவோசௌவின் சூழ்ச்சியால் பதவி இழந்தார். சூழ்ச்சியைக் கண்டித்தும் சாவ் ரூயூவின் நேர்மையை எடுத்துரைத்தும் நீண்ட முறையீடு ஒன்றை ஜூ ஷி எழுதினார். அனுப்பினால் பேரிடர் வரும் என்று மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தடுத்தனர், அவர் கேட்கவில்லை. அப்போது சாய் யுவான்திங் தண்டுகளைக் கொண்டு முடிவு செய்யலாம் என்றார். கிடைத்தது 33ஆம் குறியான துன், விலகுதல். ஜூ ஷி ஒன்றும் பேசாமல் வரைவை எரித்தார். அதன்பின் துன்வெங், விலகிய முதியவர், என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டார்.

மாணவர் அனைவரும் முன்பே சொன்னதைத்தான் குறியும் சொன்னது. ஹொங் ஃபான் கணக்கில் பார்த்தால் தண்டும் உடனிருந்தோரும் ஒருபுறம். அவர் மட்டும் மறுபுறம். தனியே மழையில் நடப்பவர்மீது பழியில்லை என்று குவாயின் மூன்றாம் கோடு சொல்வதை, அதற்கு உரை எழுதிய ஜூ ஷி அறியாதவர் அல்லர். ஆனால் அன்று விழுந்த குறி குவாய் அன்று. முறையீட்டை எரித்ததும் அவரைக் காக்கவில்லை. அவருடைய கல்விமரபு போலிக்கல்வி என்று தடைசெய்யப்பட்டது. சாவ் ரூயூ 1196இல் நாடுகடத்தலின் வழியிலேயே இறந்தார். தண்டுகளை எண்ணலாம் என்று சொன்ன சாய் யுவான்திங் தாவ்சௌவுக்குக் கடத்தப்பட்டு 1198இல் அங்கேயே இறந்தார்.